கோட்டின் உட்புறம்: ஆணுடையிலிருந்து பெண்கள் எடுத்துக்கொண்டது எது?

1666 ஜூன் மாதத்தில் ஒருநாள், லண்டன் வைட்ஹால் அரண்மனைக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த சாமுவேல் பெப்பீஸ், அரசியின் தோழியர் குதிரையேற்ற உடையில் நிற்பதைப் பார்த்தார். உடலில் கோட்டு, தலையில் பொய்முடி, அதன்மேல் தொப்பி. கோட்டுக்குக் கீழே இழுபட்ட நீண்ட பாவாடையைத் தவிர அவர்களைப் பெண்களென்று காட்ட ஏதுமில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். பார்க்கப் பிடிக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஏன் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆணின் கோட்டை மாதிரியாகக் கொண்டு தைத்த உடையை அணியும் பெண் உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறாள்? மீறல், வசதி, அதிகாரம், கவர்ச்சி என்று காலத்துக்கொரு விடை வந்திருக்கிறது.

இன்று இக்கேள்வி திரும்பவும் எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. செலின் நிறுவனத்துக்காக ஃபீபி ஃபைலோ 2008 முதல் 2017 வரை வடிவமைத்தவை, 2006இல் தொடங்கிய த ரோ நிறுவனத்தின் உடைகள், பிரிட்டனில் மார்கரெட் ஹவல் பல பத்தாண்டுகளாகச் செய்துவருபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் செல்கின்றன. திணிப்பு இல்லாத அல்லது மிக மெல்லிய திணிப்புள்ள தோள், உடலை ஒட்டாமல் விழும் கோட்டு, நேராக இறங்கும் அகலமான காற்சட்டை, ஃபிளானல், ட்வீட், கம்பளிக் கிரேப் போன்ற ஆணுடைத் துணிகள். ஆனால் மேற்சொன்ன விடைகளில் பெரும்பாலானவை விறைப்பான, தோள் நிமிர்ந்த சூட்டை மனத்தில் வைத்து உருவானவை. மென்மையாகத் தைத்த கோட்டுக்கும் அவை பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

இரண்டு பட்டறைகள்

முதலில் யார் தைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். உடையின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். பாரிஸில் 1675 வரை பெண்களின் உடையைத் தைக்கும் சட்ட உரிமை ஆண் தையல்காரர் சங்கத்திடமே இருந்தது. அவ்வாண்டு பதினான்காம் லூயி பெண் தையல்காரர்கள் தனிச் சங்கம் அமைக்க இசைந்தார். ஆயினும் அரசவை உடையின் விறைப்பான மேற்பகுதியை ஆண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குதிரையேற்ற உடையும் அவர்களிடமே தங்கியது. துணிக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸும் ஊசியும் சூடான இஸ்திரிப்பெட்டியும் கொண்டு துணிக்கு உருவம் கொடுக்கும் வேலை ஆண்களுடையது. துணியைக் கொசுவி, மடித்து, தொங்கவிடும் வேலை பெண்களுடையது என்றொரு எல்லைக்கோடு விழுந்தது.

பிரெஞ்சுப் புரட்சி 1791இல் சங்கங்களையெல்லாம் கலைத்தது. எல்லைக்கோடு மட்டும் அழியவில்லை. பாரிஸின் உயர்தையல் நிறுவனங்களில் இன்றும் 'தையர்', 'ஃப்ளூ' என இரண்டு பட்டறைகள் உண்டு: முன்னதில் கோட்டும் சூட்டும், பின்னதில் கவுனும் ரவிக்கையும். நம் கடைவீதிகளில் லேடீஸ் டெய்லர், ஜென்ட்ஸ் டெய்லர் என்று தனித்தனிப் பலகைகள் தொங்குவதற்கு இந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சேலைக்கு ஜாக்கெட் தைப்பவரிடம் கோட்டுத் துணியைக் கொடுத்தால் அவர் கைவிரித்துவிடுவார் என்று அறிந்தவர்களுக்கு அந்த எல்லைக்கோடு எப்படிப்பட்டது என்பது எளிதில் பிடிபடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பிரிவினை பெரிய வணிகமாயிற்று. இங்கிலாந்தின் வைட் தீவில் கௌஸ் துறைமுகத்தில் துணிக்கடையாக இருந்த ரெட்ஃபர்ன், பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு வந்த சீமாட்டிகளுக்குக் கம்பளிக் கோட்டும் பாவாடையும் தைத்துப் பெயர்பெற்றது. 1880களில் லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. 'டெய்லர்-மேட்' எனப்பட்ட அந்த உடை, நூற்றாண்டு முடிவதற்குள் அலுவலகப் பெண்களிடமும் ஆசிரியைகளிடமும் பரவியது. துணி ஆணுடையது, காலரும் லேப்பலும் ஆணுடையவை, தைத்தவரும் பெரும்பாலும் ஆண். உள்ளே மட்டும் கார்செட் இறுகியிருந்தது. கோட்டு அதன்மேல் வார்த்தாற்போல் உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஆணின் கோட்டைக் கண்டார்கள். அணிந்தவளின் விலா எலும்புகள் வேறு கதை சொல்லியிருக்கும்.

மீறல் என்ற விடை

ஆணுடை அணியும் பெண் ஒழுங்கை மீறுகிறாள் என்பதே மிகப் பழைய விடை. இதற்குச் சட்டங்களே சான்று. 1800 நவம்பரில் பாரிஸ் காவல் துறைத் தலைமையகம் வெளியிட்ட ஆணைப்படி, ஆணுடை அணிய விரும்பும் பெண் அனுமதிச்சீட்டு பெற வேண்டும். மாட்டுச் சந்தைகளுக்கும் இறைச்சிக்கூடங்களுக்கும் சென்று விலங்குகளை வரைந்த ஓவியர் ரோசா போன்யர் 1850களில் அத்தகைய சீட்டைப் பெற்றவர். 1892இலும் 1909இலும் சுற்றறிக்கைகள் விலக்களித்தன: கையில் மிதிவண்டியின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் காற்சட்டை அணியலாம். அந்த ஆணை இனிச் செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் அறிவித்தது 2013இல்தான். அமெரிக்காவில் 1851இல் அமீலியா புளூமர் தம் இதழில் ஆதரித்த, குட்டைப் பாவாடைக்குக் கீழே அணியும் தொளதொளக் காற்சட்டை கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனியானது. சில ஆண்டுகளில் அதை ஆதரித்தவர்களே கைவிட்டார்கள்.

இந்த வரலாறு உண்மையே. ஆனால் இது காற்சட்டையின் வரலாறு. புளூமர் கேலிக்குள்ளான அதே நூற்றாண்டில் பெண்ணின் கோட்டு எந்தக் காவலரும் தடுக்காமல் அரண்மனைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்தது. இடுப்புக்கு மேலே கடன் வாங்கியதைச் சமூகம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கால்கள் இரண்டென்று காட்டுவதுதான் அதைப் பதறவைத்தது. மீறல் கோட்பாட்டை முன்வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் போதுமான அளவு விளக்குவதில்லை.

லாரா டோன் 2001இல் வெளியிட்ட 'ஃபேஷனிங் சாஃபிஸம்' நூல் இந்த விடையை இன்னொரு பக்கத்திலிருந்து அசைத்தது. 1920களின் இங்கிலாந்தில் வெட்டிய தலைமுடி, டை, ஆண்வெட்டுக் கோட்டு ஆகியவற்றை அணிந்த பெண்ணைப் பார்த்தவர்கள் அவளை நவீனமானவள் என்றுதான் நினைத்தார்கள். அத்தோற்றத்தைப் பெண்-பெண் காதலின் அடையாளமாகப் பொதுமக்கள் வாசிக்கத் தொடங்கியது 1928இல் பெண்-பெண் காதலைச் சொன்ன ராட்க்ளிஃப் ஹாலின் நாவல் மீதான வழக்குக்குப் பிறகே என்பது அவர் வாதம். அவருடைய சான்றுகள் பெரிதும் நகர்ப்புற, வசதியான இங்கிலாந்திலிருந்து வருபவை. ஆனாலும் ஒன்றை அவர் உறுதியாக நிறுவிவிட்டார்: ஒரே கோட்டு பத்தாண்டு இடைவெளியில் இரு வேறு பொருள் தரக்கூடும். மீறல் கோட்டில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்றால், கோட்டைப் பற்றி நாம் அறிந்துகொண்டது கொஞ்சமே.

வசதி: ஷனேல் கணக்கு

1881இல் லண்டனில் அமைந்த பகுத்தறிவு உடைச் சங்கம் முதல் மிதிவண்டிக் கால விளம்பரங்கள் வரை, ஆணுடையின் தரப்பில் வைக்கப்பட்ட நேரடியான வாதம் வசதி: எடை குறையும், கை வீசலாம், பை கிடைக்கும். இந்த வாதத்தின் நாயகியாக வழக்கமாக நிறுத்தப்படுபவர் கப்ரியேல் ஷனேல். 1913இல் தோவில் கடற்கரையூரில் கடை திறந்த அவர், 1916இல் ரோடியே ஆலையிலிருந்து ஜெர்சித் துணி வாங்கினார். அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட துணி அது. 1920களில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுடன் பழகிய காலத்தில் பிரிட்டிஷ் ட்வீட் அவரது பட்டறைக்குள் வந்தது.

1954இல் அவர் மீண்டும் கடை திறந்தபின் உருவான கோட்டுதான் மென்தையலின் நுட்பம் மிகுந்த எடுத்துக்காட்டு. அதில் தோள்திணிப்பு கிடையாது. கேன்வாஸ் ஏறக்குறைய இல்லை. அதற்குப் பதிலாகப் பட்டு லைனிங்கை ட்வீட்டோடு வரிவரியாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள்; இரண்டும் ஒரே துணிபோல் இழையும், தளர்வான நெசவும் குலையாது. கோட்டு மேலேறாமல் இருக்க அடிவிளிம்பின் உட்புறம் உலோகச் சங்கிலி. கைக்குழி உயர்த்தி வெட்டப்பட்டிருக்கும், கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் கூடவே எழாது. பைகள் உண்மையான பைகள்.

ஆனால் இதை ஆணுடையின் வசதியைப் பெண்ணுக்குக் கொடுத்ததாகச் சொல்வது சரியாகுமா? இந்த நுட்பங்களில் ஆணின் கோட்டிலிருந்து வந்தது எது என்று தேடினால் துணியும் பையும்தான் மிஞ்சுகின்றன. கட்டுமானம் முழுக்க ஃப்ளூ பட்டறையின் சிந்தனை. இன்னொன்று, இந்த வசதிக்கான விலை. நூற்றுக்கும் மேற்பட்ட மணிநேரக் கைவேலை கோரும் ஒரு கோட்டை உழைக்கும் பெண்ணின் விடுதலையாக எழுதும் பழக்கத்தைச் சற்று ஐயத்தோடே பார்க்க வேண்டியிருக்கிறது.

வசதி வாதத்துக்கு வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. அமெரிக்காவில் 1942இல் வெளியான 'மேக் அண்ட் மெண்ட் ஃபார் விக்டரி' போன்ற கையேடுகள், போருக்குப் போன கணவனின் சூட்டைப் பிரித்து மனைவிக்குச் சூட் தைப்பது எப்படி என்று படத்தோடு சொல்லிக்கொடுத்தன. ஆணுடை பெண்ணுடையாவது இங்கே உவமையாக அல்ல, கத்திரிக்கோலால் நடக்கிறது. அகலத் தோளைக் குறைப்பது, தேய்ந்த முழங்காலைத் தவிர்த்து வெட்டுவது, காற்சட்டையிலிருந்து பாவாடை எடுப்பது என்று வீட்டுப் பெண்கள் ஒரு கோட்டின் உட்புறத்தை நேரடியாகக் கண்ட அரிய தருணம் அது. ஃபேஷன் வரலாறுகள் ஷனேலுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இதற்கு ஒதுக்குவதில்லை.

அதிகாரம்: மேலாளரின் சூட்

எழுபதுகளில் விவாதம் அலுவலகத்துக்குள் நுழைந்தது. ஜான் மொல்லோய் 1977இல் வெளியிட்ட பெண்களுக்கான வெற்றி உடைக் கையேடு, பெண்களை ஆண்களைப்போல் உடுத்தச் சொன்ன நூல் என்றே நினைவில் நிற்கிறது. நூல் சொன்னது அதுவல்ல. கோட்டும் பாவாடையும் கொண்ட அடர்நிறச் சூட்டைத்தான் அது பரிந்துரைத்தது. ஆணின் நகல் போன்ற தோற்றம் பெண்ணின் அதிகாரத்தைக் குறைக்கும், அப்பாவின் உடையை மாட்டிக்கொண்ட சிறுவனைப்போல் ஆக்கும் என்று எச்சரிக்கவும் செய்தது. எவ்வளவு கடன் வாங்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவுகோல்தான் நூலின் உண்மையான பொருள்.

ஜோன் என்ட்விஸல் போன்ற சமூகவியலாளர்கள் எண்பதுகளின் 'பவர் டிரெஸ்ஸிங்'கை இந்த இடத்திலிருந்தே வாசித்தார்கள். தன் உடலைத் தானே நிர்வகிக்க வேண்டிய பொறுப்பைப் பணிபுரியும் பெண்மீது சுமத்திய பயிற்சி அது என்பது அவர்கள் பார்வை. சோதனை வகையிலான சான்றுகளும் உண்டு. சாண்ட்ரா ஃபோர்சைத் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் ஆண்தன்மை கூடிய உடையில் தோன்றியபோது அவர்களைப் பணியமர்த்தும் பரிந்துரை கூடியது. உடை அணிபவரின் மனநிலையையே மாற்றுகிறது என்ற கருத்தும் பின்னர் பரவியது. 2012இல் மருத்துவர் கோட்டை வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனை அதற்கு அடிப்படை. ஆனால் 2019இல் அதைத் திரும்பச் செய்தபோது முக்கிய விளைவு கிடைக்கவில்லை. பார்ப்பவர் மதிப்பீடு மாறுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது; அணிபவர் மாறுகிறார் என்பதற்கு இருப்பது பலவீனமானது.

அதிகார விடையின் பெரிய குறை, நிறுவனங்களின் விதிகளை அது உடையின் இயல்பாக எடுத்துக்கொள்வது. அமெரிக்க மேலவையில் பெண் உறுப்பினர்கள் காற்சட்டை அணிந்து அவைக்குள் வரலாம் என்ற நிலை 1993இல்தான் ஏற்பட்டது. கேரல் மோஸ்லி பிரானும் பார்பரா மிகல்ஸ்கியும் காற்சட்டையோடு உள்ளே நுழைந்த பிறகு. அப்போதும் மேலே கோட்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோட்டுக்கு அதிகாரம் இருக்கிறதா, அல்லது அதிகாரம் உள்ள இடங்கள் கோட்டைக் கட்டாயமாக்கியதால் அப்படித் தோன்றுகிறதா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல.

கவர்ச்சியும் மேடையும்

1930இல் வந்த 'மொராக்கோ' படத்தில் நடிகை மார்லீன் டீட்ரிஷ் ஆணின் வாலுடைக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து பாடி, பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண்ணை முத்தமிட்ட காட்சியும், ஈவ் சாங் லோரான் 1966இல் அறிமுகப்படுத்திய 'லெ ஸ்மோக்கிங்' சூட்டும், அதை 1975இல் பாரிஸின் இரவுத் தெருவில் ஹெல்முட் நியூட்டன் எடுத்த படமும் கவர்ச்சி என்ற விடையின் நிரந்தரச் சான்றுகள். ஆணுடை பெண்மையை மறைப்பதில்லை, கூர்மையாக்குகிறது என்பது வாதம். மார்ஜரி கார்பர் 1992இல் எழுதிய 'வெஸ்டட் இன்ட்ரஸ்ட்ஸ்' இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது: உடைமாற்றம் ஆண், பெண் என்ற இருபிரிவையே நெருக்கடிக்கு உள்ளாக்குகிறது.

படங்களில் இது நன்றாகவே வேலைசெய்கிறது. தினசரி உடையில் அவ்வளவாக இல்லை. மேலும், இந்தச் சான்றுப் பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. டீட்ரிஷின் அதே காலத்தில் நியூயார்க்கின் ஹார்லமில் வெள்ளைச் சூட்டும் உயரத் தொப்பியுமாகப் பியானோ வாசித்துப் பாடிய கருப்பினக் கலைஞர் கிளாடிஸ் பென்ட்லி அண்மைக்காலம் வரை அதில் இல்லை. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களின் 'ஸூட் சூட்' கோட்டை அணிந்த மெக்சிகன்-அமெரிக்க இளம்பெண்களை கேத்தரின் ராமிரெஸ் 2009இல் வெளிவந்த நூலில் எழுதிக் காட்டினார். அந்தப் பெண்களின் உடையைச் செய்தித்தாள்கள் கவர்ச்சியாகக் காணவில்லை, குற்றத்தின் அறிகுறியாகக் கண்டன. நட்சத்திரம் அணிந்தால் மர்மம், ஏழை அணிந்தால் வழக்கு.

வடிவம்: ஹாலண்டரின் சவால்

இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டவர் உடை வரலாற்றாளர் ஆன் ஹாலண்டர். ஜே. சி. ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930இல், பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஆண்கள் அலங்காரத்தைத் துறந்தார்கள் என்றும், அழகு பெண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். ஹாலண்டர் 1994இல் வந்த 'செக்ஸ் அண்ட் சூட்ஸ்' நூலில் இதைத் தலைகீழாக்கினார். 1800ஐ ஒட்டி லண்டன் தையல்காரர்கள் கம்பளியை நீராவியாலும் ஊசியாலும் வளைத்து, கிரேக்கச் சிலையின் உடலை நினைவூட்டும் கோட்டை உருவாக்கினார்கள். அது துறவு இல்லை, நவீன வடிவத்தின் பிறப்பு. பெண்ணுடைதான் அதை எட்டிப்பிடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெண்கள் ஆணுடையை ஏற்றது அதிகார ஆசையால் அல்ல, அது சிறந்த வடிவமைப்பு என்பதால்.

இதுவரை பார்த்த விடைகளில் உடையை உடையாகப் பார்த்தது இது ஒன்றுதான். அதற்காகவே இதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் குறைகள் சிறியவை அல்ல. வரலாறு ஆணின் சூட்டை நோக்கியே நடந்துகொண்டிருந்தது என்றொரு தொனி நூல் முழுவதும் இருக்கிறது. தைத்தவர்களின் கூலியும், கம்பளி வந்த வழியும் அதில் இல்லை. முக்கியமாக, ஆணின் கோட்டு 1800இல் முடிந்துவிட்ட ஒன்றாக, மாறாத மூலமாக அங்கே நிற்கிறது.

உள்ளே பார்த்தால்

மென்தையலைப் பற்றிய விவாதம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. மீறல், அதிகாரம், கவர்ச்சி ஆகிய மூன்றும் கோட்டை வெளியிலிருந்து பார்க்கின்றன. ஆனால் மென்மையாகத் தைத்த கோட்டையும் விறைப்பான கோட்டையும் பிரிப்பது உட்புறம்: குதிரைமயிர்க் கேன்வாஸ் எவ்வளவு, மார்புத்துண்டு உண்டா, தோளில் திணிப்பு எத்தனை அடுக்கு, லைனிங் முழுதா பாதியா, லேப்பலின் அடியில் எத்தனை வரிசைத் தையல். அங்கே பார்க்கத் தொடங்கினால் விறைப்பு ஆணுடையது, மென்மை பெண்ணுடையது என்ற சமன்பாடு கலைந்துவிடுகிறது.

ஆண்களின் கோட்டு இருபதாம் நூற்றாண்டில் மென்மையானதற்குத் தனி வரலாறு உண்டு. லண்டனில் ஃபிரெடரிக் ஷோல்ட்டே என்ற தையல்காரர், காவற்படை அதிகாரிகளின் நீண்ட மேற்கோட்டில் மார்பிலும் முதுகிலும் துணி மிகுந்து தொங்குவதைக் கவனித்து, அதைச் சாதாரணக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். வின்ட்சர் கோமகன் அவருடைய வாடிக்கையாளர். அந்த வெட்டு ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடை வழியாக நிலைத்தது. நேப்பிள்ஸில் ஜென்னாரோ ருபினாச்சியின் கடையில் 1930களில் வின்சென்சோ அட்டோலினி திணிப்பையும் லைனிங்கையும் பெருமளவு எடுத்துவிட்டு, சட்டைக்குக் கை வைப்பதுபோல் கோட்டுக்கும் கை வைத்தார்; தோளில் சிறு சுருக்கங்கள் விழும், அது குறையாகக் கருதப்படவில்லை. துணியும் மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கஜத்துக்கு 16 முதல் 18 அவுன்ஸ் எடையுள்ள சூட்டுத் துணி சாதாரணம். அறைகளுக்குச் சூடேற்றும் வசதி பரவியபின் எடை படிப்படியாகப் பாதியை நோக்கி இறங்கியது. மெல்லிய துணிக்குக் கனத்த கேன்வாஸ் பொருந்தாது.

இதற்கு நேரெதிரான சான்று 1947 பிப்ரவரியில் கிறிஸ்தியான் டியோர் காட்டிய 'பார்' சூட். பெண்மையின் திரும்புகை என்று கொண்டாடப்பட்ட அந்தக் கோட்டு, தையர் பட்டறையின் வித்தை அத்தனையையும் உள்ளே அடக்கியது: இறுக்கிய இடை, திணித்து உப்பவைத்த இடுப்பு. ஆணின் கைத்தொழிலால் கட்டப்பட்டதிலேயே மிகப் 'பெண்மையான' கோட்டு அதுதான். ஷனேலுக்கு அதைக் கண்டால் ஆகாது என்பது தெரிந்ததே. அவருடைய 1954 கோட்டு உட்புறத்தைக் காலிசெய்து அதற்குப் பதிலளித்தது.

ஜோர்ஜியோ அர்மானியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நீனோ செருட்டியிடம் ஆணுடை வடிவமைத்துப் பழகிய அவர், 1975இல் மிலானில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆணின் கோட்டிலிருந்து கேன்வாஸையும் திணிப்பையும் குறைத்தார், பட்டனைக் கீழே இறக்கினார், பெண்களுக்குரியதாகக் கருதப்பட்ட தளர்ந்த துணிகளை ஆண்களுக்குப் பயன்படுத்தினார். ஏறக்குறைய உடனடியாக அதே கோட்டைப் பெண்களுக்கும் வெட்டினார். 1978இல் 'ஆனி ஹால்' படத்துக்காக ஆஸ்கர் பெற மேடையேறிய டயேன் கீட்டன் அர்மானி கோட்டு அணிந்திருந்தார். அதே ஆண்டு டூரினின் ஜிஎஃப்டி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் அந்தக் கோட்டைத் தொழிற்சாலையில் தைக்க வழிவகுத்தது. 1980இல் 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் நாயகன் அணிந்தது அவருடைய உடைகளை; 1982இல் 'டைம்' இதழின் அட்டைப்படத்தில் அவரே தோன்றினார்.

அர்மானி ஆணை மென்மையாக்கினார், பெண்ணைக் கறாராக்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. கேட்க நன்றாக இருக்கிறது; முழு உண்மை இல்லை. எண்பதுகளில் அவர் பெண்களுக்குத் தைத்த கோட்டுகளின் தோள்கள் அகலமானவை. மென்மை தோளின் அளவில் இல்லாமல், துணி விழும் விதத்தில் இருந்தது. பெண்கள் அங்கே பெற்றது ஏற்கெனவே பாதி ஃப்ளூவாகிவிட்டிருந்த ஒரு ஆண்கோட்டை. இரண்டு பட்டறைகளும் ஒரே உடையில் சந்தித்த இடம் என்று அதைச் சொல்லலாம். கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பிரிப்பது அதன்பின் கடினமாகிவிடுகிறது.

ஜப்பானிலிருந்து வந்த விடை இன்னும் தீவிரமானது. 1981இல் பாரிஸில் முதன்முறை காட்டிய யோஜி யமமோட்டோ, போரில் கணவனை இழந்து தையற்கடை நடத்திய தாயிடம் வளர்ந்தவர். அவருடைய பெண் கோட்டுகள் ஆண்கோட்டைவிடப் பெரியவை, உடலுக்கும் துணிக்கும் நடுவே காற்று இருக்கும்படி வெட்டப்பட்டவை. மேற்கத்திய டெய்லரின் வழக்கமான நோக்கம் அந்த இடைவெளியைக் குறைப்பது. யமமோட்டோ அதையே உடையின் மையமாக்கினார். ஃபைலோவுக்கும் த ரோவுக்கும் இங்கிருந்து வந்தது அர்மானியிடமிருந்து வந்ததற்குக் குறைந்ததல்ல என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

தீராதவை

உட்புறத்திலிருந்து வாசிப்பது பழைய விடைகளை ரத்துசெய்துவிடுவதில்லை. காற்சட்டைக்கு மீறல் விடையும், அலுவலகத்துக்கு அதிகார விடையும் இன்னும் தேவைப்படுகின்றன. ஆனால் மென்தையலைப் பொறுத்தவரை, 'ஆணுடையிலிருந்து எடுத்தது' என்ற சொற்றொடரே ஐயத்துக்குரியதாகிறது. எடுத்த பொருள் எடுக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது. இதைக் கருதுகோளாக மட்டுமே முன்வைக்க முடியும். அருங்காட்சியகங்கள் கோட்டை வெளிப்புறம் காட்டியே பொம்மையில் நிறுத்துகின்றன. கேன்வாஸைப் பார்க்கத் தையலைப் பிரிக்க வேண்டும், பாதுகாவலர்கள் இயல்பாகவே அதற்கு இசைவதில்லை. கேன்வாஸுக்குப் பதில் ஒட்டுத்துணி வைத்து ஆயத்தமாக விற்ற லட்சக்கணக்கான கோட்டுகள் பாதுகாக்கப்படும் தகுதி பெறவும் இல்லை. பெரும்பாலான பெண்கள் அணிந்தது அவற்றையே.

வர்க்கம் பற்றிய கேள்வியும் அப்படியே இருக்கிறது. திணிப்பில்லாத கோட்டு நன்றாக விழ வேண்டுமானால் துணி உயர்ந்ததாக இருக்க வேண்டும், வெட்டு துல்லியமாக இருக்க வேண்டும். மலிவான துணியின் குறையைக் கேன்வாஸும் ஒட்டுத்துணியும் மறைக்கும், மென்தையல் மறைக்காது. ஏற்கெனவே நிலைபெற்றவர்களுக்குத் தளர்வான கோட்டு தன்னம்பிக்கையாகத் தெரிகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் அதே தளர்வு அசட்டையாக வாசிக்கப்படுமா? ஃபோர்சைத்தின் சோதனை விறைப்பு ஆண்தன்மையாகக் கொள்ளப்பட்ட காலத்தின் அளவுகோலைப் பயன்படுத்தியது. அதன் முடிவை இன்றைய கோட்டுக்கு அப்படியே நீட்டிக்க முடியாது.

இவற்றைவிடக் கடினமானது உடலைப் பற்றியது. கட்டிங் மாஸ்டர்கள் அறிந்த செய்தி இது: ஆணின் கோட்டு ஏறக்குறைய தட்டையான மார்புக்கு வெட்டப்பட்டது. அதே நேர்க்கோட்டைப் பெண்ணுக்குத் தரும்போது மார்பின் முழுமைக்குத் துணியை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். டார்ட் பிடிக்கலாம், பிடித்தால் ஆண்வெட்டின் சமதளம் உடைகிறது. பிடிக்காமல் விட்டால் துணி மார்பு நுனியிலிருந்து நேராகத் தொங்கிக் கோட்டு கூடாரமாகிறது. கேன்வாஸ் உள்ள கோட்டில் இஸ்திரியால் துணியைச் சுருக்கி இந்தச் சிக்கலை ஓரளவு ஒளிக்கலாம். உட்புறம் காலியான கோட்டில் ஒளிக்க இடமில்லை. விளம்பரப் படங்களில் மென்தையல் எப்போதும் மெலிந்த, மார்பு சிறுத்த உடல்களின்மேல் தோன்றுவது அழகுணர்ச்சி சார்ந்த தற்செயல் மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை. லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில் தலைமை வெட்டுநரான முதல் பெண் கேத்ரின் சார்ஜன்ட்; 2016இல் அதே தெருவில் தம் பெயரில் கடை திறந்தார். அவரைப்போல் ஆண், பெண் இருபாலருக்கும் வெட்டுபவர்கள் அளவெடுத்துத் தைக்கும்போது, ஒவ்வொரு உடலுக்கும் ஒரு தீர்வு கிடைக்கிறது. ஆயத்த ஆடையில், ஒரே மாதிரியைச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு ஏற்றிக்கொண்டே போகும் முறையில், மென்தையலின் வாக்குறுதி எந்த அளவுவரை தாக்குப்பிடிக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.